நீலக் காருக்கு வழி

மர்டோ வண்டியை ஒதுக்கி நிறுத்தியும் பின்னால் வந்த கார் தாண்டிப் போகவில்லை.

அருகில் இருந்த அவர் மனைவி இஷ்பெல் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலமுள்ள சாலை அது. இடது பக்கம் கடலுக்கு இறங்கும் செங்குத்துப் பாறை, வலது பக்கம் ஈரமான கருங்கல் மதில். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை சாலை ஒரு பக்கமாகப் புடைத்து ஒதுங்குமிடம் ஒன்றைத் தரும். அதன் அருகே கம்பத்தில் ஒரு வெள்ளைப் பலகை நிற்கும். மெதுவாகப் போகிறவன் அதில் ஒதுங்க வேண்டும். அவசரமாகப் போகிறவன் தாண்ட வேண்டும், தாண்டும்போது ஒரு கையை உயர்த்தி நன்றி சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் இந்த வட கோடியில் மனிதருக்கு மனிதர் செய்துகொள்ளும் மரியாதை பெரும்பாலும் அவ்வளவுதான். அதைத் தவறவிட்டவர்களை இங்கே யாரும் மறப்பதில்லை.

அந்தச் சின்ன நீலக் கார் இருபதடி பின்னால், சாலையின் நடுவே, இன்ஜின் ஓட நின்றுகொண்டிருந்தது.

"போயேன்டா," என்றார் மர்டோ கண்ணாடியைப் பார்த்து. "ஒரு பட்டாளமே போகலாம். அவ்வளவு இடம் விட்டிருக்கேன்."

"போட்டோ எடுக்கறாங்களோ என்னவோ."

"எதை? நம்ம பின்பக்கத்தையா?"

இஷ்பெல் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மர்டோ பொறுமையிழந்து, படுக்கையும் அடுப்பும் உள்ள அந்த வெள்ளைக் கேரவன் வண்டியைக் கிளப்பினார். தலைக்கு மேல் அலமாரியில் தேநீர்க் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. நீலக் காரும் கிளம்பியது. அடுத்த ஒதுங்குமிடத்தில் அவர் மறுபடி ஒதுங்கினார். அதுவும் நின்றது. அதே இருபதடி.

காலையில் கடையிலிருந்து புறப்பட்டது முதல் மர்டோ ஒவ்வொரு ஒதுங்குமிடத்திலும் ஒதுங்கிக்கொண்டே வந்தார். நேற்று ஒன்றில்கூட அவர் ஒதுங்கவில்லை.

பாலத்தடி ஊரில் பாலுக்கும் தபாலுக்கும் டீசலுக்கும் ஒரே கடை. காலையில் மர்டோ வெளியே டீசல் போட்டுக்கொண்டிருந்தபோது இஷ்பெல் முட்டை வாங்க உள்ளே போனாள். கல்லாவில் இருந்த பெகி என்ற பெண்மணி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, வணக்கத்துக்குப் பதிலாக, "கேரவனா?" என்றாள்.

"ஆமாங்க."

"கக்கூஸ் தொட்டியைக் கடற்கரையில கொட்டாம இருந்தா சரி. போன வாரம் ஒரு புண்ணியவான் எங்க கல்லறைச் சுவருக்குப் பக்கத்துலயே கொட்டிட்டுப் போனான்."

"நாங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டோம்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. கொட்டினவன்னு ஒருத்தனையும் நான் இன்னும் பார்த்தபாடில்லை."

கதவுக் கண்ணாடியில் கையால் எழுதிய அடக்க அறிவிப்பு ஒட்டியிருந்தது. டோலினா மெக்கே, வயது எண்பத்தொன்று, வெள்ளிக்கிழமை பதினொரு மணி, எல்லாரும் வரலாம். இஷ்பெல் மரியாதைக்காகக் கேட்டாள்: "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவங்க." பெகி முட்டைகளைத் திருப்பிப் பார்த்து, விரிசல் இல்லாதவையாகப் பொறுக்கி வைத்தாள். கோபத்திலும் அவள் கை அதைச் செய்தது. "நேத்து மத்தியானம் நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வர ஒண்ணரை மணி நேரம் ஆகும்னதும் மகளே கார்ல ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டா. கோல்பாக்கிலிருந்து இந்தப் பாலம் வரைக்கும் பதினோரு மைல். பதினோரு மைலும் முன்னாடி ஒரு கேரவன். லைட்டைப் போட்டுப் போட்டு அணைச்சிருக்கா, ஹாரன் அடிச்சிருக்கா. ஒதுங்கவே இல்லை. கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம்."

"எப்படிப்பட்ட... என்ன மாதிரி கேரவன்?"

"வெள்ளை. எல்லாமே வெள்ளைதானே. இதுல கொடுமை என்ன தெரியுமா? பாலத்துக்கிட்ட ரோடு அகலமாகி அவ தாண்டிப் போறப்போ, உள்ள இருந்த பொம்பளை சிரிச்சுக்கிட்டே கையைத் தூக்கிக் காட்டினாளாம். பொறுத்துக்கிட்டதுக்கு நன்றியாம்!"

அது நாங்கள்தான் என்ற சொல் இஷ்பெலின் தொண்டை வரை வந்தது. அங்கேயே திரும்பிப் போயிற்று. "ரொம்ப வருத்தமா இருக்குங்க," என்றாள். முட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நேற்று அவள் கண்ணாடியில் பார்த்திருந்தாள். நீலக் கார். முன்னிருக்கையில் வெளிர் நிறக் கம்பளித் தொப்பி அணிந்த ஒரு முதியவள், மடியில் ஒரு பை, அதன் மேல் இரண்டு கைகள். விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. "மர்டோ, ஒதுங்கேன்," என்று அவள் சொல்லத்தான் சொன்னாள். "ஓரமெல்லாம் சதசதன்னு கிடக்கு. மூணரை டன் எடை. சக்கரம் இறங்கினா நீயா தூக்குவே? லீவுல வந்திருக்கோம், அவங்க கொஞ்சம் பொறுக்கட்டும்," என்றார் மர்டோ. வண்டி வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பயத்தை அவர் எரிச்சலாக மாற்றிச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவள் இரண்டாவது முறை சொல்லவில்லை.

பெர்த் நகரத்துப் பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு வருஷம், கூச்சப்பட்டு நிற்கும் குழந்தையின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தவள் அவள். சனிக்கிழமைதோறும் தேவாலயத்தில் பூ அடுக்குகிறவள். கருணை என்பது பெரும்பாலும் பத்தடி ஒதுங்கிக்கொள்வதுதான். அது இல்லாமல் போவதற்குப் பெரிய பாவி எவனும் தேவையில்லை. கொஞ்சம் பயமும் கொஞ்சம் சோம்பலும் போதும்.

மர்டோவிடம் சொன்னபோது அவர் டீசல் தொட்டியின் மூடியைத் திருகி மூடினார். பிறகு, "நாமதான்னு எப்படித் தெரியும்? நூறு வெள்ளை வண்டி ஓடுது," என்றார். அதற்குப் பிறகுதான் ஒதுங்க ஆரம்பித்தார்.

நீலக் கார் பின்தொடர ஆரம்பித்த பிறகு வந்த நாலாவது ஒதுங்குமிடத்தில் மூடுபனி வந்தது. ஜூன் மாதப் பகல் அது, இருட்டே இல்லாத பருவம். அதனால் அது இருளாக வரவில்லை. கடலிலிருந்து பால் பொங்குவதுபோல் எழுந்து பாறை விளிம்பைத் தாண்டி சாலையில் வழிந்தது. முதலில் அலைகளின் ஓசை அடங்கியது. பிறகு கடற்பறவைகளின் கூச்சல் எங்கோ பஞ்சுக்குள் திணித்ததுபோல் மங்கியது. கடற்பாசி அழுகிய வாசனை வெப்பக்காற்றுத் துளைகள் வழியாக உள்ளே வந்தது. அதற்குள்ளேயே இன்னொரு வாசனையும் இருந்தது. நனைந்த கம்பளி, மருந்துத் தைலம், நோயாளி படுத்திருந்த அறையில் ஜன்னல் திறக்கும் முன் இருக்கும் வாசனை.

பின்னால் இரண்டு விளக்குகள் மட்டும் தெரிந்தன. அவை ஒருமுறை அணைந்து எரிந்தன.

"கேக்கறான் பாரு," என்றார் மர்டோ. "வழிதான் விட்டாச்சே, இன்னும் என்ன வேணுமாம்?"

"நாம போயிடுவோம்."

"நான் போய்ப் பேசிட்டு வரேன்."

"வேண்டாம், மர்டோ."

"சும்மா இரு. மன்னிப்புக் கேக்கப் போறேன்னு வச்சுக்கயேன்." அவர் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். இருவருமே சிரிக்கவில்லை.

அவருடைய மஞ்சள் மழைக்கோட்டு வெள்ளைக்குள் கரைந்து போவதை இஷ்பெல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கால்கள் போயின, பிறகு முதுகு. காலடி ஓசை சரளைக் கல்லில் நறநறத்து நின்றது. கண்ணாடியைத் தட்டும் சத்தம் மூன்று முறை கேட்டது. அதன் பிறகு ஒரு கார்க் கதவு திறக்கும் சத்தம். மூடும் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை.

மர்டோ திரும்பி வந்தார். ஓடவில்லை. கடிக்கிற நாயிடமிருந்து விலகுகிறவன்போல் வேகமாக, ஆனால் ஓடிவிடாமல், நடந்து வந்தார். இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். சாவியைத் திருப்பவில்லை. முகம் மெழுகுபோல் இருந்தது.

"யாரு அது?"

"டிரைவர் சீட்ல ஆளே இல்லை."

"எங்கேயாவது இறங்கிப் போயிருப்பாங்க..."

"ஜன்னலைத் தட்டினேன். பின்கதவு திறந்துச்சு, இஷ்பெல். உள்ளேயிருந்து." அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "சீட்டு மேல போர்வை விரிச்சிருக்கு. தலைமாட்டுல ஒரு தலையணை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறவங்களுக்குப் போடற மாதிரி."

"யாருக்கு?"

அவருடைய வலது கை தானாக மேலே வந்து நெஞ்சின் இடது பக்கத்தை அழுத்தியது. "நீ ஓட்டு," என்றார்.

அவள் அவரைத் தாங்கிப் பிடித்துப் பின்னால் இருந்த படுக்கையில் கிடத்தினாள். ஆஸ்பிரின் ஒன்றைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னாள். சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துக் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அவர் கை சில்லென்று ஈரமாக இருந்தது. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. இந்தச் சாலையில் இந்த வண்டியைத் திருப்ப முடியாது. ஆஸ்பத்திரி முன்னால்தான், முப்பது மைல். "கொஞ்ச நேரம் மர்டோ, இதோ போயிடலாம். கண்ணை மூடாதே," என்றாள்.

"பார்த்து ஓட்டு. ஓரம் சதசதன்னு..." என்றார் அவர்.

அவள் ஓட்டுநர் இருக்கைக்கு வந்தபோது கண்ணாடியில் ஒன்றுமில்லை. விளக்கு இல்லை, கார் இல்லை. வெறும் வெள்ளை. கர்த்தரே, நன்றி என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். இரண்டு மைல் தூரம் வண்டி நன்றாகவே ஓடியது. துடைப்பான் இடமும் வலமும் போய் வந்தது. கோப்பைகள் கிணுகிணுத்தன. பின்னால் மர்டோவின் மூச்சு கேட்டது. நீளமாக உள்ளே போய், ஓரிடத்தில் சிக்கி, வெளியே வந்தது. அவளும் அந்த மூச்சோடு சேர்ந்து மூச்சு விட்டாள். அது சிக்குமிடத்தில் அவளுக்கும் சிக்கியது.

ஒரு வளைவு திரும்பியதும் முன்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் தெரிந்தன.

நீலக் கார். சாலையின் நடுவில். நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

அது எப்படி முன்னால் வந்தது என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. விளக்கைப் போட்டு அணைத்தாள். ஒதுங்குமிடம் ஒன்று வந்தது. வெள்ளைப் பலகை பனியில் மெல்ல நெருங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, பின்னால் போயிற்று. கார் ஒதுங்கவில்லை. ஹாரனை அழுத்தினாள். அந்தச் சத்தம் நாலடி போய்ப் பனியில் செத்தது. இரண்டாவது ஒதுங்குமிடம் வந்தது. மூன்றாவது வந்தது. அங்கே சாலை எவ்வளவு அகலமாகப் புடைத்திருந்தது! தேர்போல ஒரு வண்டியே நிற்கலாம். கார் அவசரமில்லாமல் அதைத் தாண்டிப் போயிற்று.

"மர்டோ? கேக்குதா?"

மூச்சு. சிக்கல். மூச்சு.

சின்ன வயதிலிருந்து தினமும் படுக்கும் முன் சொல்லும் ஜெபத்தை ஆரம்பித்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வரவில்லை. அறுபது வருஷமாக நாக்கில் கிடந்த வரி. மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மறுபடி அதே இடத்தில் நின்றது. ஹாரன். நாலாவது ஒதுங்குமிடம். ஹாரன். ஐந்தாவது.

நேற்று அந்த மகளுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். அது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததோடு நிற்கவில்லை, உடம்புக்குள் இறங்கியது. பக்கத்தில் அம்மா. முன்னால் ஒரு பெரிய வெள்ளைச் சுவர். அதன் பின்ஜன்னலில் பூப்போட்ட திரைச்சீலை. இஷ்பெல் தன் கையால் தைத்த திரைச்சீலை.

அவள் ஜன்னலைக் கீழே இறக்கினாள். ஈரக் குளிர் முகத்தில் அறைந்தது. தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"நாங்கதான்! அது நாங்கதான்! நான் பார்த்தேன். பார்த்துட்டும் சும்மா இருந்தேன். அவர் பயந்துட்டார், நான் சொல்லியிருக்கணும். கடையில கேட்டப்பவும் சொல்லல. என்னை என்ன வேணாலும் செய்ங்க. அவரை விட்டுடுங்க. வழி விடுங்கம்மா, தயவுசெஞ்சு வழி விடுங்க!"

கார் நின்றது.

அவளும் நின்றாள். நம்பிக்கை மார்பில் சூடாக ஏறியது. உண்மையைச் சொன்னால் இரக்கம் கிடைக்கும் என்று வாழ்நாளெல்லாம் நம்பியவள் அவள். அதில் தவறும் இல்லை. காலையில், கடையில், முட்டைகளுக்கு அந்தப் பக்கம், அந்த இரக்கம் அவளுக்காகக் காத்திருந்தது. பெகி திட்டியிருப்பாள். திட்டிவிட்டு ஒரு நாற்காலியும் போட்டிருப்பாள்.

துடைப்பான் ஒருமுறை போய் வந்தது.

காரின் பின்கண்ணாடிக்குள் ஒரு விளக்கு எரிந்தது. சின்ன மஞ்சள் விளக்கு. பின்னிருக்கையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தோள்வரை போர்வை. மஞ்சள் மழைக்கோட்டின் கழுத்துப்பட்டி.

அந்த ஆள் திரும்பினான்.

மர்டோ.

வாய் அசைந்தது. உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டியது. அவள் பெயரைத்தான் சொல்கிறார். சத்தம் வரவில்லை.

இஷ்பெலுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில், அவள் கிடத்திய படுக்கையில், மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. நீளமாக உள்ளே. ஓரிடத்தில் சிக்கி. வெளியே.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை.

"மர்டோ?" என்றாள். எந்த மர்டோவிடம் என்று அவளுக்கே தெரியவில்லை.

படுக்கையில் மூச்சு ஒரு கணம் நின்றது, காது கொடுப்பதுபோல. பிறகு மறுபடி ஆரம்பித்தது.

கார் கிளம்பியது. இப்போது மெதுவாக இல்லை. அவசரமாகப் போகிற வண்டி எப்படிப் போகுமோ அப்படி. சாலை வலது பக்கம் வளைந்தது. வளைவுக்கு அப்பால் பாறை விளிம்பு. விளிம்புக்கு அப்பால் ஒன்றுமில்லை. கார் வளையவில்லை. சிவப்பு விளக்குகள் இரண்டும் நேராக, ஒரே மட்டத்தில், வெள்ளைக்குள் போயின. சின்னதாயின. போய்க்கொண்டே இருந்தன. விழும் சத்தம் கேட்கவில்லை. நீரில் மோதும் சத்தம் கேட்கவில்லை.

அவள் கத்தினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கத்தி முடித்தபோது வண்டி அமைதியாக இருந்தது.

மூச்சுச் சத்தம் இல்லை.

பின்னால் கம்பளி விலகியது. வெறுங்கால் ஒன்று தரையில் பட்டது. இன்னொன்று. படுக்கையின் மரச்சட்டம் பாரம் இறங்கி முனகியது. மெதுவாக நடக்கும் காலடிகள். சமையல் மேடை ஓரத்தைக் கை தடவும் ஓசை. பிறகு இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் யாரோ நுழைந்து, பக்கத்து இருக்கையில், மரியாதையாக, ஆடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

நனைந்த கம்பளி. மருந்துத் தைலம்.

பெல்ட்டை இழுத்து மாட்டும் சத்தம். டக்.

கண் ஓரத்தில் வெளிர் நிறத் தொப்பி தெரிந்தது. முகம் அவள் பக்கம் திரும்பவில்லை. திட்டவில்லை, அழவில்லை. ஏற்கெனவே தாமதமாகிவிட்ட ஒருத்தியைப்போல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

இஷ்பெலின் கால் பெடலை அழுத்தியது. வண்டி நகர்ந்தது. வளைவில் வளைந்தது. பனி கொஞ்சம் விலகி, முன்னால் சாலை நீளமாகத் தெரிந்தது. ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் விளிம்பு, கண்ணுக்கு எட்டிய வரை ஒரே அகலம். புடைப்பு இல்லை. வெள்ளைப் பலகை ஒன்றுகூட இல்லை.

பின்னால் ஹாரன் ஒலித்தது.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். இரண்டு விளக்குகள். அவற்றுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. அதற்குப் பின்னால் இன்னும். கரையின் வளைவுகளெல்லாம் வளைந்து, வந்த வழி முழுவதும், மைல் கணக்கில், ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் எரிந்து அணைந்தன. ஒவ்வொரு காரின் முன்னிருக்கையிலும் யாரோ ஒருவர், மடியில் பையோடு, நேராகப் பார்த்தபடி.